உன் கணுக்காலுக்காக அம்மா சொன்ன இரண்டு சாட்சி

ஆம்பூர்
22.9.2008

அன்பு மகள் இவாஞ்சலினுக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம், உன் அம்மா சுகம், சென்னையில் உன் தம்பி ஜெஃப்ரி போன் செய்யக்கூட நேரமில்லாத அளவுக்குச் சுகம். உன் சுகத்தைப் பற்றித்தான் இந்த ஊரில் ஒரு மாதமாக இரண்டு விதமான செய்தி உலவுகிறது. ஆகவே நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால், நீ எப்படி இருப்பதாக ஆம்பூரில் பேசிக்கொள்கிறார்கள் என்பதை உனக்குச் சொல்லிவிடுவது நல்லது. போனில் சொல்லலாம் என்றால் நான் போனை எடுத்ததுமே உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். ஈமெயில் அனுப்பலாம் என்றால் ஜெஃப்ரி வந்து தட்டிக் கொடுக்க வேண்டும், அவன் வருவதற்குள் கிறிஸ்துமஸ் வந்துவிடும். கரண்ட் வேறு நினைத்தால் போகிறது, நினைத்தால் வருகிறது. அதனால் பழையபடி பேனாதான், எழுத்து கோணலாக இருந்தால் மெழுகுவத்தியைக் கோபித்துக்கொள்.

ஆகஸ்டில் நீ போன் செய்தபோது அம்மாதான் எடுத்தாள். நீ அழுதுகொண்டே, "எனக்கு ஊனம் இல்லன்னு சொல்லிட்டாங்கம்மா" என்றாயாம். அதற்கு மேல் நீ சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை, ஏறுவதற்குள் உன் போன் கார்டும் தீர்ந்து லைன் போய்விட்டது. நான் கம்பெனியிலிருந்து வரும்போது வாசல் விளக்குகூடப் போடாமல் ஹாலில் முழங்காலில் இருந்தாள். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிப்போனேன். எழுந்தவள், "இங்கிலாந்து டாக்டருங்களே செக் பண்ணிட்டு எம் பொண்ணுக்கு ஊனம் இல்லன்னு சொல்லிட்டாங்களாம், சந்தோஷத்துல கொழந்தைக்குப் பேச்சே வரல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊனமா இல்லையா என்று அவர்கள் எதற்குச் சோதித்தார்கள் என்று நான் கேட்காமல் இல்லை. "வெள்ளக்காரன் எதையும் செக் பண்ணாம வுடுவானா" என்று என் வாயை அடைத்துவிட்டாள். மாதனூர் அருகே நீ ஸ்கூட்டியிலிருந்து விழுந்த நாளிலிருந்து ஏழு வருஷமாக ஒரே ஜெபத்தைச் செய்து வருகிறவள் அவள். இடது கணுக்கால் எலும்பு கூடியும் வலி போகாமல், போர்வை பட்டாலே கால் எரிகிறது என்று நீ துடித்ததை எல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அவளுக்கு வேறு எப்படி அர்த்தமாகும் சொல். நானும் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனையில், கர்த்தர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று நம் சபைப் போதகர் ஐயர் வழக்கம்போலச் சொன்னார். வழக்கம்போல யாரும் எழமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அடுத்த பாட்டின் எண்ணையும் சொல்ல ஆரம்பித்தார். உன் அம்மா எழுந்துவிட்டாள். டீச்சர் எழுந்தால் அரை பீரியடாவது ஆகும் என்று உனக்குத் தெரியாதா. விழுந்த இடம், வேலூரில் பார்த்த டாக்டர்கள், அவர்கள் உன் நோய்க்குச் சொன்ன நீளமான பேர், நீ நர்ஸ் படிப்பை முடித்துக் கடல் கடந்து போனது, வார்டில் நிற்க முடியாமல் உட்கார்ந்தபடி போனில் நோயாளிகளுக்கு யோசனை சொல்கிற வேலைக்கு மாறிக்கொண்டது, ஒன்றையும் விடவில்லை. கடைசியில், "அந்த தேசத்து டாக்டருங்களே ஊனம் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க, கர்த்தர் எம் பொண்ணுக்கு சுகம் குடுத்துட்டாரு" என்று முடித்தாள். சபை முழுவதும் ஆமென் சொன்னது. ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள், மாதர் சங்கத்துக்கு டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தாள். என் கையைக் குலுக்கியவர்களைப் பார்த்தால் ஏதோ நான்தான் உனக்கு வைத்தியம் பார்த்தவன் போல இருந்தது. கம்பெனியில் என்னோடு தோல் தரம் பிரிக்கும் வஹீத் மாமா, ரமலான் வருவதற்கு முன்பே வீட்டுக்கு மக்கன் பேடா கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

சாட்சி ஒரு ஊரில் சொன்னால் நாலு ஊருக்குக் கேட்கும் போல. மூன்று வாரத்தில் காட்பாடியிலிருந்து அன்னம்மாள் என்கிற அம்மா, பேங்கில் வேலை பார்க்கும் தன் மகன் ரிச்சர்டுக்கு உன்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பெண் லீட்ஸில் இருக்கிறாள் என்றதற்கு, போட்டோவையும் பெற்றவர்களையும் பார்த்தால் போதும் என்றார்களாம். உன் அம்மா திரைச்சீலை முதற்கொண்டு துவைத்துப் போட்டாள். அவர்கள் வருவதாகச் சொன்ன சனிக்கிழமை காலையில்தான், நான் வேலைக்குக் கிளம்பும்போது, போஸ்ட்மேன் கேட்டருகே உன் கடிதத்தைக் கையில் கொடுத்தார். அப்பாவுக்கு மட்டும் என்று மேலே எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தாய். கம்பெனி சைக்கிள் ஸ்டாண்டில் நின்றே படித்தேன்.

படித்தபின்தான் ஆகஸ்டில் நீ எதற்கு அழுதாய் என்று எனக்குப் புரிந்தது. நீ அங்கே ஊனமுற்றோர் விளையாட்டுச் சங்கத்தில் சேர்ந்து உட்கார்ந்தபடி குண்டு எறிகிறாய் என்பது எங்களுக்குத் தெரியும். உன்னை நாற்காலியில் பெல்ட் போட்டுக் கட்டியிருந்த படத்தைப் பார்த்து, "எம் பொண்ணக் கட்டிப் போட்டுட்டாங்களே" என்று அம்மா ஒரு பாட்டம் அழுததும், சின்ன வயதில் என்னால் முடியாததை அவர்களாவது செய்தார்களே என்று நான் சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். ஆனால் பழகுவது வேறு, போட்டியில் இறங்குவது வேறு, போட்டிக்கு முன்னால் இவருக்கு என்ன குறை என்று சோதித்துப் பிரிவு ஒதுக்குவார்கள் என்பது எனக்குப் புதிது. இரண்டு பேர் உன் காலைத் தூக்கிப் பார்த்து, மடக்கிப் பார்த்து, அழுத்தச் சொல்லிப் பார்த்தார்கள் என்றும், கால் இல்லாதது, கால் வராதது, மூட்டு மடங்காதது எல்லாம் அவர்கள் பட்டியலில் உண்டு என்றும், உனக்குக் கால் வருகிறது, மடங்குகிறது, ஆனால் நெருப்பாக எரிகிறது என்றும், உனக்கு வலிக்கிறது என்பதை நாங்கள் நம்புகிறோம் ஆனால் வலி எங்கள் பட்டியலில் இல்லை என்று அவர்களில் ஒரு பெண்மணி மரியாதையாகச் சொன்னார் என்றும் எழுதியிருந்தாய். மறுபடி ஒரு முறை சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம், அப்போது வலி என்ற வார்த்தையையே எடுக்காதே, காலை உயிரில்லாத மாதிரி தொங்கவிட்டுக்கொள் என்று உன் தோழி ஒருத்தி யோசனை சொல்கிறாள் என்றும் எழுதியிருந்தாய். செய்யட்டுமாப்பா, இல்லாவிட்டால் குண்டு போடுவதையே விட்டுவிடட்டுமா என்று கேட்டு, அம்மாவிடம் இதைச் சொல்லாதே என்று முடித்திருந்தாய். அம்மா அதற்குள் சபைக்கே சொல்லி சமோசாவும் கொடுத்து முடித்துவிட்டாள் கண்ணு.

அன்றைக்கு நான் தரம் பிரித்த தோலெல்லாம் எப்படிப் போயிற்றோ தெரியாது. மாலையில் அவர்கள் வந்துவிட்டார்கள். ரிச்சர்ட் நல்ல பையன், செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே வந்தான். அன்னம்மாள் சோபாவில் உட்கார்ந்து உன் போட்டோவைப் பார்த்துக்கொண்டே, "காலு சரியாய்ட்டதா சபையிலயே சாட்சி சொன்னீங்களாம், அதான் தைரியமா வந்தோம்" என்றார்கள். உன் அம்மா வாய் நிறையச் சிரித்தாள். எனக்குச் சட்டைப்பையில் உன் கடிதம் தடித்துக்கொண்டு கிடந்தது. சாப்பாடு ஆகட்டும் என்று பொறுத்துப் பார்த்தேன், அவர்கள் பிரியாணி சாப்பிட்டு முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் சொல்லிவிட்டேன். கால் சரியாகவில்லை, வலி அப்படியேதான் இருக்கிறது, எங்களுக்கே இன்றைக்குத்தான் தெரியும் என்றேன். அன்னம்மாள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப ஊனம்னு சொல்லுங்க" என்றார்கள். ஊனம் இல்லை என்றுதான் அங்கே சொல்லிவிட்டார்கள் என்றேன். "ஊனமும் இல்ல, சரியும் ஆவல, இன்னா கணக்குங்க அது" என்று கேட்டார்கள். குத்தலாகக் கேட்கவில்லை இவா, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள். ஓட்டப்பந்தயத்துக்கு நீ ஊனம், ஊனமுற்றோர் பந்தயத்துக்கு நீ சரியானவள், கல்யாணத்துக்கு மறுபடியும் ஊனம். மூன்று கதவிலும் ஒரே பெண்ணை ஒவ்வொரு பேர் சொல்லித் திருப்பி அனுப்பினால் அவள் எங்கேதான் போய் நிற்பாள். அவர்கள் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள், இன்றுவரை ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. பிரியாணியில் உப்பு கம்மி என்றாவது சொல்லியிருக்கலாம்.

அவர்கள் போனதும் உன் கடிதத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டேன். நீ கோபித்துக்கொள்வாய், கோபித்துக்கொள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தாள், உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள், மடித்துக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அன்றிலிருந்து ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. ஏழு வருஷத்தில் முதல் முறையாக வீடு அமைதியாக இருக்கிறது என்று நான் ஜோக் அடித்துப் பார்த்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். உள்ளதைச் சொன்னால் முதலில் எனக்கும் ஆசைதான். காலைத் தொங்கவிட்டால் என்ன, யார் குடி முழுகிவிடும், என் மகள் மெடலோடு நிற்கிற படத்தை ஹாலில் மாட்டலாமே என்று அரைநாள் நினைத்தேன். உன்னைச் சோதித்த அந்த இரண்டு பேர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அந்த வேலை செய்கிறவன்தானே. மேஜையில் தோலை விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் உண்ணி கடித்த தழும்பு எங்கே, கத்தி பட்ட இடம் எங்கே என்று பார்த்துச் சாக்பீஸால் வட்டம் போட்டுத்தான் தரம் பிரிக்கிறேன். சில தோலைக் கையில் எடுத்ததுமே இதில் என்னவோ இருக்கிறது என்று தோன்றும். ஆனால் வட்டம் போட இடத்தைக் காட்ட முடியாவிட்டால் தரத்தைக் குறைக்க முடியாது, குறைத்தால் அனுப்பினவன் சண்டைக்கு வருவான், அவன் வருவதும் நியாயம்தான். இதை வஹீத் மாமாவிடம் சொன்னபோது அவர், "தோலு பேசாது ஜெயகரன், அதான் நாம வட்டம் போடறோம். பொண்ணு பேசுதில்ல? பேசுற வாய மூடிக்கினு காலத் தொங்கவுடுன்னா அது இன்னா பேஜாரு" என்றார். நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை. வலிக்கிறது, வலிக்கிறது என்று ஒருத்தரை நம்பவைக்க நீ ஏழு வருஷம் பட்ட பாடு எனக்குத் தெரியும். நடக்கிறாளே, சிரிக்கிறாளே, சும்மா சொல்றா என்று பேசியவர்கள் நம் சொந்தத்திலேயே உண்டு. இன்றைக்கு நீயே போய் வலியெல்லாம் ஒன்றுமில்லை, கால்தான் வரவில்லை என்று சொன்னால் அவர்கள் பேசியதற்கு நீயே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். அதோடு அந்த வரிசையில் நிஜமாகவே கால் வராத பெண்கள் இருப்பார்கள். கல்யாணப் பந்தியில்கூட முந்தி உட்காராத பெண் நீ, அவர்கள் இடத்தில் போய் எப்படி உட்காருவாய். இது என் எண்ணம். கால் உன்னுடையது, முடிவும் உன்னுடையது.

ஆனால் குண்டு போடுவதை விட்டுவிடட்டுமா என்று கேட்டாயே, அதற்கு மட்டும் நான் உன் முதுகில் ஒன்று வைக்கலாம் என்று பார்க்கிறேன், கை எட்டவில்லை. எல்லாரும் கலந்துகொள்ளும் சாதாரணப் போட்டியில் நின்று எறியலாம், ஆனால் கடைசியாகத்தான் வருவேன், அவமானம் என்று எழுதியிருந்தாய். ஒன்பதாவதில் கணக்கில் நீ எத்தனையாவது வந்தாய் என்று நான் இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை, அன்றைக்கு மார்க் ஷீட்டை விசிறியாக்கி விசிறிக்கொண்டு வந்தவளுக்கு இப்போது எங்கிருந்து வந்தது இந்த வெட்கம். நிற்க முடிகிற நாளில் நின்று போடு, முடியாத நாளில் சங்கத்தில் உட்கார்ந்து போடு. அந்தப் பட்டியல் போட்டவர்களுக்கும் எழுது. எரிகிறது என்றே எழுது, உன் பேரைப் போட்டு எழுது. இந்த வருஷம் சேர்ப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, எந்த வருஷமும் சேர்க்காமல் போகலாம். அவர்களாகவே நினைத்துக்கொண்டு சேர்க்கப்போவதில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இப்போது இந்த வீட்டின் முக்கியச் செய்திக்கு வருகிறேன். நேற்று ஞாயிறு. சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் என்று ஐயர் ஆரம்பித்ததும் உன் அம்மா மறுபடியும் எழுந்துவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேராக முன்னால் போய் மைக்கைப் பிடித்து, போன மாசம் சொன்ன சாட்சியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றாள். சாட்சியை வாபஸ் வாங்க நம் சபையில் என்ன நடைமுறை என்று யாருக்கும் தெரியாது, ஐயர் வேத புத்தகத்தைத் திறந்தார், மூடினார். காணிக்கையையும் திருப்பிக் கேட்பாளோ என்று பொருளாளர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். உன் அம்மா அப்புறம் சொன்னதை அவள் வாய்மொழியாகவே எழுதுகிறேன். "எம் பொண்ணுக்கு ஊனம் இல்லன்னு அவங்க சொன்னது நெசம். வலி இல்லன்னு யாரும் சொல்லல, அத நானே சேத்துக்கினேன். அவளுக்கு இன்னும் காலு எரியுது. அதோடதான் வேலைக்குப் போறா, அதோடதான் உக்காந்து குண்டு போடறா. அதுக்கு நான் ஒரு நாளும் ஸ்தோத்திரம் சொல்லல, சரியாவட்டும் அப்புறம் சொல்லலாம்னு வெச்சிருந்தேன். இப்ப சொல்றேன்." அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் உன் அம்மா இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

சபையில் ஒருத்தரும் ஆமென் சொல்லவில்லை. இதற்குச் சொல்லலாமா கூடாதா என்று அவரவர் அவரவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ரூபாவதி, ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறாளே அந்தப் பெண், அவள் மட்டும் சத்தமாகச் சொன்னாள். ஆராதனை முடிந்ததும் அம்மாவிடம் வந்து, "டீச்சர், எனக்கு மணிக்கட்டு அப்படித்தான் வலிக்குது, சூப்பர்வைசரு வீக்கம் எங்கன்னு கேக்கறாரு, இன்னான்னு காட்டறது" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று நின்று எனக்கே முழங்கால் வலி வந்துவிட்டது, ஆனால் நான் அந்த வரிசையில் சேரவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது உன் அம்மா எனக்கு இரண்டாவது தடவை குழம்பு ஊற்றினாள், பேச்சு திரும்பி வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். நானும் உன்னைப் பெற்றவளைப் பற்றி இத்தனை நாள் கொஞ்சம் குறைச்சலாகத்தான் மதிப்புப் போட்டு வைத்திருக்கிறேன். எனக்குப் பெருமையாக இருந்தது இவா. அவளைப் பார்த்தும், உன்னை நினைத்தும்.

ஜெஃப்ரியின் நண்பன் ஒருவன் அடுத்த மாதம் லண்டன் வருகிறான், அவனிடம் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்புகிறேன். மெல்லிய ஆட்டுத்தோலில், பின்பக்கம் வார் இல்லாமல், கணுக்காலில் எதுவும் படாதபடி செருப்பு தைக்கச் சொல்லியிருக்கிறேன். தோல் நானே பொறுக்கியது, குறை கண்டுபிடித்தால் எழுது. குளிர் தொடங்கினால் உனக்கு எரிச்சல் ஜாஸ்தியாகும், வெந்நீர்ப் பையைத் தேடி எடுத்து வைத்துக்கொள். அம்மா ஊறுகாய் போடுகிறாள், அதை டிரெஸ்ஸோடு கட்டாதே என்று அந்தப் பையனிடம் சொல்ல வேண்டும். போனில் பேசும்போது வலிக்கிற அன்றைக்கு வலிக்கிறது என்றே சொல், நாங்கள் தாங்கிக்கொள்வோம். கர்த்தர் உன் காலடிகளைக் காப்பாராக, முக்கியமாக இடது காலை. பெரிய போன் கார்டாக வாங்கு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
சா. ஜெயகரன்

இவா, அம்மா எழுதறேன். அப்பா இடம் விடவில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். சுகமாயிட்டியா என்று இனிமேல் உன்னைக் கேட்க மாட்டேன். எவ்வளவு தூரம் போட்டாய் என்று மட்டும் சொல்.